பேசும் பொம்மை செய்த எடிசன்

120 ஆண்டுகளுக்கு மேல் வாய் மூடிக் கிடந்த பொம்மை மீண்டும் பேசிய கதை

திண்டுக்கல் பூட்டின் பெருமை ஊர் அறிந்தது. வெளியே பார்த்தால் வெறும் இரும்புக் கட்டி. வேலையெல்லாம் உள்ளேதான் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் லீவர்கள் ஒவ்வொன்றாக நகரும். ஒவ்வொரு பூட்டையும் அரத்தால் ராவிக் கையாலேயே செய்வதால், ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேராது. 2019-ம் ஆண்டு இந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதே போல, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே வித்தையை ஒளித்து வைத்திருந்த ஒரு பொருள் 1890-ம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது பூட்டு அல்ல. பொம்மை!

உயரம் 22 அங்குலம். பீங்கான் முகம். மரத்தால் ஆன கை, கால். தகர உடம்பு. முதுகில் ஒரு சிறிய கைப்பிடி. அதைச் சுற்றினால் பொம்மை பேசும்! குழந்தைப் பாட்டு ஒன்றைக் கணீர் என்று சொல்லும்!

அதைச் செய்து விற்றவர் யார் தெரியுமா? தாமஸ் ஆல்வா எடிசன். வீட்டுக்கு ஏற்ற மின்சார விளக்கை உலகுக்குத் தந்த அதே எடிசன்தான்.

அமெரிக்காவில் மட்டும் 1,093 கண்டுபிடிப்பு உரிமைகளைப் பெற்றவர் அவர். அப்படிப்பட்டவர் இந்தப் பொம்மையில் தோற்றுப் போனார். விற்பனை தொடங்கிய சில வாரங்களிலேயே அதை நிறுத்தும்படி ஆயிற்று. ஆனால் அந்தத் தோல்விக்குள் ஒரு புதையல் இருந்தது. அது வெளியே வந்தபோது எடிசன் உயிரோடு இல்லை.

ரெயிலில் பத்திரிகை விற்ற சிறுவன்

எடிசன் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, ஓகையோ மாநிலத்தில் உள்ள மிலான் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு ஏழாவது பிள்ளை. அவரே கடைக்குட்டி.

அவர் பள்ளிக்கூடம் சென்றது சில மாதங்களே. தாயார் நான்சி முன்பு ஆசிரியையாக இருந்தவர். மகனை வீட்டிலேயே உட்கார வைத்து எழுதவும் படிக்கவும் கற்றுக் கொடுத்தார். புத்தகம் என்றால் சிறுவனுக்கு உயிர். படித்ததை உடனே செய்து பார்த்துவிட வேண்டும். வீட்டின் நிலவறையில் சீசாக்களை அடுக்கி வைத்துக்கொண்டு இரசாயனச் சோதனைகள் செய்தான்.

சோதனைக்குப் பணம் வேண்டுமே! பன்னிரண்டு வயதில் ரெயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கப் புறப்பட்டான். போர்ட் ஹூரான் ஊரிலிருந்து டெட்ராய்ட் நகருக்குக் காலையில் போய் இரவில் திரும்பும் ரெயில் அது. சாமான்கள் ஏற்றும் பெட்டியின் ஒரு மூலையில் தன் சோதனைச் சாலையை அமைத்துக்கொண்டான். 1862-ம் ஆண்டில் ஓடும் ரெயிலிலேயே ஒரு சிறு பத்திரிகையை அச்சிட்டும் விற்றான்!

அந்த வயதில்தான் அவனுக்கு ஒரு பெரிய குறை நேர்ந்தது. காது மந்தமாகத் தொடங்கியது. வயது ஏற ஏற அந்தக் குறையும் வளர்ந்தது.

1862-ம் ஆண்டில் ஒரு நாள் தண்டவாளத்தில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. ஒரு ரெயில் பெட்டி அதை நோக்கி உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்து சென்று குழந்தையைத் தூக்கிக் காப்பாற்றினான். அது ஸ்டேஷன் மாஸ்டரின் பிள்ளை. நன்றியாக அவர் எடிசனுக்குத் தந்தி அடிக்கும் வித்தையைக் கற்றுக் கொடுத்தார். அதுவே அவன் வாழ்க்கையின் திருப்பம்.

தந்தியில் இருப்பவை இரண்டே ஒலிகள். ஒன்று குட்டை, மற்றது நெட்டை. எழுத்துக்கள் எல்லாம் அவற்றின் சேர்க்கையே. காது மந்தமானவருக்கும் தந்திக் கருவியின் தட்டல் பக்கத்தில் நன்றாகவே கேட்டது. பின்னாளில் தம் மூத்த மகளுக்கும் மகனுக்கும் எடிசன் வைத்த செல்லப் பெயர்கள் என்ன தெரியுமா? டாட், டாஷ்! அதாவது தந்தி மொழியில் புள்ளியும் கோடும்.

பேசும் இயந்திரம்

1876-ம் ஆண்டில் நியூஜெர்சி மாநிலத்தின் மென்லோ பார்க் என்ற இடத்தில் எடிசன் ஓர் ஆராய்ச்சிச் சாலையைக் கட்டினார். மறு ஆண்டு, தந்தியையும் தொலைபேசியையும் மேம்படுத்த முயன்றபோது ஓர் எண்ணம் உதித்தது. தந்திச் செய்தியைத் தாளில் பள்ளம் பள்ளமாகப் பதித்து வைக்க முடிகிறது. மனிதக் குரலையும் அப்படிப் பதித்து வைத்தால் என்ன?

படம் ஒன்று வரைந்தார். ஜான் குரூசி என்ற கைதேர்ந்த கம்மியரிடம் கொடுத்தார். 1877-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கருவி தயார்.

கருவி மிக எளிது. பித்தளை உருளை ஒன்று. அதன் மேல் திருகு போல் ஒரு கோடு. உருளையைச் சுற்றி மெல்லிய ஈயத் தாள். அதைத் தொட்டபடி ஓர் ஊசி. ஊசியின் பின்னால் அதிரும் தகடு. தகட்டின் முன்னால் வாய் வைத்துப் பேசினால் தகடு அதிரும். ஊசி அந்த அதிர்வைத் தாளில் குழி குழியாகப் பதிக்கும். பிறகு ஊசியைத் தொடக்கத்தில் வைத்து உருளையைச் சுற்றினால், அதே குழிகள் ஊசியை ஆட்டும். தகடு அதிரும். பேசிய குரல் திரும்ப வரும்!

எடிசன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே, மேரி என்ற சிறுமியும் அவளுடைய ஆட்டுக்குட்டியும் வரும் குழந்தைப் பாட்டைச் சொன்னார். இயந்திரம் அதைத் திருப்பிச் சொன்னது. பக்கத்தில் நின்றவர்கள் திகைத்துப் போனார்கள். எடிசனே திகைத்துவிட்டார். போனோகிராப் பிறந்தது.

காதால் நன்றாகக் கேட்க முடியாதவர் செய்த கருவி, உலகத்தின் காதுக்கே விருந்தானது! பின்னாளில் போனோகிராபின் மரச் சட்டத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு அவர் இசை கேட்பது உண்டு. காது வழியே வராத ஒலி, பல் வழியாக மண்டை எலும்பில் ஏறி அவருக்குக் கேட்டது. அந்தப் பல் தடங்கள் உள்ள கருவி இன்றும் இருக்கிறது.

1878-ம் ஆண்டில், இந்தக் கருவி எதற்கெல்லாம் பயன்படும் என்று எடிசன் ஒரு பட்டியல் எழுதினார். பார்வையற்றோருக்குப் புத்தகம் படித்துக் காட்டலாம். கடிதத்தைக் குரலாகவே அனுப்பலாம். குடும்பத்துப் பெரியவர்களின் பேச்சைப் பாதுகாத்து வைக்கலாம். பட்டியலில் பொம்மைக்கும் இடம் இருந்தது.

மரப்பாச்சியும் பீங்கான் பொம்மையும்

நம் வீட்டு மரப்பாச்சி பேசாது. அதற்காகக் குழந்தைதான் பேசும். பசிக்கிறது என்று அழுவதும் குழந்தையே. சோறு ஊட்டித் தூங்க வைப்பதும் குழந்தையே. உலகம் எங்கும் பொம்மை விளையாட்டு இப்படித்தான் நடந்து வந்தது. பொம்மையே வாய் திறந்து பேசினால் எப்படி இருக்கும் என்பது எடிசன் காலத்தின் பெரிய ஆசை.

ஆனால் ஈயத் தாள் பொம்மைக்கு உதவாது. சில தடவை போட்டதுமே கிழிந்துவிடும். எடிசனும் போனோகிராபைக் கிடப்பில் போட்டுவிட்டு மின்சார விளக்கின் பக்கம் போனார். 1879-ல் விளக்கு எரிந்தது. 1882-ல் நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதிக்கு மின்சாரம் வழங்கினார். புகழ் உச்சிக்கு ஏறியது. வீட்டில் துயரம் நுழைந்தது. 1884-ல் மனைவி மேரி இறந்து போனார். மூன்று குழந்தைகள் தாயை இழந்தனர். 1886-ல் மினா என்ற பெண்ணை எடிசன் மறுமணம் செய்துகொண்டார். 1887-ல் வெஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில் முன்னைவிடப் பெரிய ஆராய்ச்சிச் சாலையைக் கட்டினார்.

அந்தச் சமயம், மற்றவர்கள் ஈயத் தாளுக்குப் பதில் மெழுகில் குரலைப் பதிக்கத் தொடங்கியிருந்தனர். பொறுப்பாரா எடிசன்? மீண்டும் போனோகிராபைக் கையில் எடுத்தார். 1888-ல் மெழுகு உருளையில் பதியும் புதிய போனோகிராபைச் செய்து முடித்தார்.

பேசும் பொம்மைக்கென்று ஒரு கம்பெனியும் 1887-ல் தொடங்கியிருந்தது. ஜாக்ஸ், பிரிக்ஸ் என்ற இருவர் முதலில் வடிவம் கொடுத்தார்கள். எடிசன் அதைத் தம் கைப்படத் திருத்தினார். பொம்மையின் தலை ஜெர்மனியிலிருந்து வந்தது. தகர உடம்புக்குள் ஒரு குட்டி போனோகிராப். மோதிரம் போன்ற ஒரு மெழுகு வளையம். அதைத் தொடும் ஓர் ஊசி. குரல் வெளியே வருவதற்கு மார்பில் சிறு சிறு துளைகள்.

பெயர் இல்லாத பெண்கள்

பொம்மைக்குக் குரல் வேண்டுமே! யாருடைய குரல்?

தொழிற்சாலையில் இளம் பெண்கள் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். இன்று ஒரு தடவை பாடினால் கோடிக் கணக்கில் நகல் எடுக்கலாம். அன்று மெழுகு வளையத்தை நகல் எடுக்கும் வழி வரவில்லை. ஒரு வளையத்துக்கு ஒரு தடவை பேச வேண்டும். நூறு பொம்மை என்றால் நூறு தடவை! திண்டுக்கல் பூட்டைப் போலவே, ஒவ்வொரு பொம்மையின் குரலும் தனித்தனி வேலை.

அந்தப் பெண்கள் கருவியின் வாயருகே குனிந்து, உரத்த குரலில், ஒரே பாட்டை நாள் முழுவதும் சொன்னார்கள். மெதுவாகச் சொன்னால் மெழுகில் பதியாது. ஒரு பாட்டுக்குச் சில விநாடிகளே இடம். அதற்குள் வேகமாகச் சொல்லி முடிக்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒலிப்பதிவுக்குக் குரல் கொடுத்தவர்களில் உலகத்திலேயே முதல்வர்கள் இவர்களாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் அவர்கள் யார்? என்ன பெயர்? எந்த ஊர்? தெரியவில்லை. பொம்மைக்கு எடிசன் பெயர் இருந்தது. பேசியவளுக்குப் பெயர் இல்லை.

திரும்பி வந்த பொம்மைகள்

1890-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பொம்மை விற்பனைக்கு வந்தது. உடை இல்லாத பொம்மை 10 டாலர். பட்டும் சரிகையும் உடுத்தியது 20 டாலருக்கும் மேல். சாதாரணத் தொழிலாளி ஒருவர் பல நாள் உழைத்தால்தான் 10 டாலரைப் பார்க்க முடியும்.

சுமார் 2,500 பொம்மைகள் கடைகளுக்குப் போயின. விற்றவை 500-க்கும் குறைவு. விற்றவற்றிலும் பல திரும்பி வந்தன!

ஏன்? கைப்பிடியை ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் கீச்சுக் குரல். மெதுவாகச் சுற்றினால் முனகல். குழந்தைக்கு இந்தக் கணக்கு தெரியுமா? ரெயிலிலும் வண்டியிலும் குலுங்கியதில் பல பொம்மைகளில் ஊசி விலகிவிட்டது. நன்றாக இருந்தவற்றிலும் இரும்பு ஊசி மெழுகை அரித்தது. சில நாட்களில் குரல் தேய்ந்தது. அழகிய முகத்திலிருந்து கரகரத்த கத்தல் வந்தால் எந்தக் குழந்தை கட்டி அணைக்கும்? பயந்துதான் போகும்.

ஒரு மாதம் தாண்டியதும் விற்பனை நின்றது. எஞ்சிய பொம்மைகளில் பல, பேசும் கருவியை எடுத்துவிட்டு வெறும் பொம்மையாக விற்கப்பட்டன.

எடிசன் உட்கார்ந்து அழவில்லை. சினிமாக் கருவி, மின்கலம், சிமெண்டு என்று அடுத்தடுத்த வேலைகளில் இறங்கினார். 1931-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, தமது 84-வது வயதில் வெஸ்ட் ஆரஞ்ச் நகரில் காலமானார். அடக்கம் நடந்த அன்று இரவு அமெரிக்க மக்கள் சற்று நேரம் மின்விளக்குகளை அணைத்து அவருக்கு அஞ்சலி செலுத்தினர்.

பேசும் பொம்மையை உலகம் மறந்துவிட்டது. பழம்பொருள் சேர்ப்பவர்கள் மட்டும் மறக்கவில்லை.

சுற்றாமல் காத்தவர்கள்

எடிசன் பொம்மை ஒன்று கையில் கிடைத்தால் எவருக்கும் முதலில் தோன்றும் ஆசை என்ன? கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பதுதான். ஆனால் அதில்தான் ஆபத்து. ஒரு தடவை சுற்றினால் ஊசி மெழுகைக் கீறும். நூறு ஆண்டு காத்த குரல் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

அமெரிக்காவில் ஒரு தம்பதியிடம் இப்படி இரண்டு பொம்மைகள் இருந்தன. இரண்டிலும் மெழுகு வளையங்கள் நல்ல நிலையில் இருந்தன. உள்ளே என்ன குரல் இருக்கிறது என்று அறிய அவர்களுக்கும் ஆசைதான். ஆனாலும் கைப்பிடியைச் சுற்றவில்லை. ஊசி படாமல் கேட்கும் வழி ஒரு நாள் வரும் என்று பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். பூட்டு கெடாமல் திறக்க, சரியான சாவிக்காகக் காத்திருப்பது போல!

அந்தச் சாவி வந்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள், ஒலித்தட்டைத் தொடாமலே ஒலி எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். உருப்பெருக்கியும் காமிராவும் கொண்டு பள்ளங்களை அங்குலம் அங்குலமாகப் படம் எடுக்கிறார்கள். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. அங்கே ஊசி ஓடினால் என்ன ஒலி வரும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடுகிறது! ஊசியும் வேண்டாம், உராய்வும் வேண்டாம்.

1967-ம் ஆண்டில் எடிசனின் ஆராய்ச்சிச் சாலையில் ஒரு சிறு உலோக வளையம் கிடைத்திருந்தது. எடிசனுடைய செயலாளரின் மேசையில் இருந்தது அது. பொம்மைக்காக 1888-ல் சோதனையாகச் செய்யப்பட்டது. வளைந்து நெளிந்து போயிருந்ததால் எந்தக் கருவியிலும் போட முடியவில்லை. 2011-ம் ஆண்டில் அதைப் புதிய முறையில் படம் எடுத்தார்கள். 123 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெண் குரல் கேட்டது! வானத்து நட்சத்திரத்தைப் பார்த்துச் சிறுவர்கள் பாடும் ஆங்கிலப் பாட்டின் ஒரு பகுதியை அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தத் தம்பதியின் பொம்மைகளுக்கும் முறை வந்தது. மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஒரு பழம்பொருள் பாதுகாப்பு நிலையத்தில் மெழுகு வளையங்கள் படம் எடுக்கப்பட்டன. 2015-ம் ஆண்டில், பல பொம்மைகளின் குரல்களை வெஸ்ட் ஆரஞ்சில் உள்ள எடிசன் நினைவகம் எல்லோரும் கேட்கும்படி வெளியிட்டது. ஒரு குரல், தூங்கப் போகும் குழந்தை சொல்லும் பிரார்த்தனையைச் சொல்கிறது. இன்னொரு குரல், குன்றின் மேல் தண்ணீர் எடுக்கப் போய் விழுந்த ஜாக், ஜில் பாட்டைச் சொல்கிறது. இரைச்சலுக்கு நடுவே, அவசரம் அவசரமாக, ஆனால் உயிருள்ள ஒரு மனிதக் குரல்.

பொம்மை விற்பனையில் வெற்றி பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழந்தைகள் சுற்றிச் சுற்றி எல்லா மெழுகையும் தேய்த்துத் தீர்த்திருப்பார்கள். விற்காமல் போனதாலும், சிலர் சுற்றாமல் காத்ததாலும் அந்தப் பெண்களின் குரல் பிழைத்தது.

நம் வீட்டுப் பரணில்

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. செங்கோட்டையில் பிறந்து, நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த எஸ். ஜி. கிட்டப்பா 1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, 27 வயதில் காலமானார். அவர் பேசும் படம் எதிலும் நடிக்கவில்லை. அந்தக் குரல் எப்படி இருந்தது என்று இன்று நாம் அறிவதற்குக் கிராமபோன் இசைத்தட்டுகளே வழி. அந்தத் தட்டுகளை உடையாமல் காத்து வைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

திண்டுக்கல் கோட்டைக்குக் கீழே உள்ள தெருக்களிலும், சுற்றியுள்ள கிராமங்களிலும் எத்தனையோ பழைய வீடுகள். பரணில் ஒரு பெட்டி இருக்கலாம். அதில் பழைய இசைத்தட்டுகளோ, கல்யாணத்தில் பதிவு செய்த ஒலிநாடாவோ, தாத்தா பேசிய கேசட்டோ கிடக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் சற்று யோசியுங்கள்.

பழைய அரக்குத் தட்டு கீழே விழுந்தால் நொறுங்கிவிடும். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயிலும் ஈரமும் ஆகாது. தேய்ந்த ஊசியால் போட்டுப் பார்க்கவே கூடாது. கேசட்டாக இருந்தால், நாடா ஒட்டிக்கொள்வதற்கு முன்னால், விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து நகல் எடுத்து வைப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேலை உண்டு. அதற்குப் பணம் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒரு துண்டுத் தாளும் பேனாவும் போதும். பேசுவது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.

எடிசனின் தொழிற்சாலையில் யாரும் அதைச் செய்யவில்லை. அதனால்தான் அந்தப் பெண்களின் குரல் திரும்பி வந்தும், அவர்களின் பெயர் திரும்பி வரவில்லை.